கிளிநொச்சியில் இரண்டு நாள்

போர்நிறுத்த காலம் – பகுதி 19

கிரிவலப் பாதையில் பாதித் தூரம் தாண்டியதும் அடி அண்ணாமலை வரும். ஆதி அருணாசலேசுவரரைக் கும்பிட்டு, கால் வலிக்கு ஒரு டீ குடித்து, குபேர லிங்கத்தை நோக்கி நடையைக் கட்டுகிறவர்களில் பலருக்கு இந்த ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருப்பது தெரியாது. 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்தும், 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் வெடித்ததை அடுத்தும் படகேறி வந்து, மண்டபத்தில் இறங்கி, அரசு பிரித்தனுப்பிய ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் முகாம்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேல். சிறுமியாக வந்து, பத்தடிக்குப் பத்தடி வீட்டில் குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி கண்டுவிட்ட பெண்கள் அவற்றில் இருக்கிறார்கள்.

அவர்கள் ஊர் திரும்புவதைப் பற்றி எங்கெங்கோ பேசியாகிவிட்டது. 1985இல் திம்பு, 1994-95இல் யாழ்ப்பாணம், 2002-03இல் தாய்லாந்து, ஆஸ்லோ, பெர்லின், ஹகோனே, 2006இல் ஜெனீவா. இந்த மேசைகளின் புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஊர் மாறுகிறது, கோட்டு மாறுகிறது, ஆட்களும் மாறுகிறார்கள். ஆண்கள் கூட்டம் என்பது மட்டும் மாறவில்லை.

சென்ற பகுதியை 2002 டிசம்பர் ஆஸ்லோ சுற்றோடு நிறுத்தியிருந்தேன். கூட்டாட்சி முறையை ஆராயலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சுற்று அது. பத்திரிகைகள் அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டன. அதே சுற்றில் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது: சமாதானப் பேச்சில் பெண்களின் நலன்களைச் சேர்ப்பதற்குப் பெண்களைக் கொண்டே ஒரு குழு அமைப்பது. அந்தக் குழு பிறந்து, இரண்டு நாள் கூடிப் பேசி, பிறகு அனாதையாக விடப்பட்ட கதையை இந்த வாரம் பார்ப்போம். அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெண் தூது நமக்குப் புதிதில்லை. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு காட்டுகிறது. நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, பளபளவென்று அடுக்கி வைத்த ஆயுதங்களைத் தொண்டைமான் பெருமையாகக் காட்ட, எங்கள் அரசனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் சொல்லும் பாட்டு. புகழ்வதுபோல் பழிக்கும் அந்தக் குறும்பைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்த அஞ்சியின் பெயர் பொறித்த தமிழ் பிராமிக் கல்வெட்டு 1981இல் கிடைத்தது திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில். திருவண்ணாமலையிலிருந்து ஒரு பஸ் பயணம்தான்.

ஆனால் ஔவையார் சுமந்து போனது அதியமானின் சொல்லை. தகடூர்க் குடிகள் அந்தப் பகையை விரும்பினார்களா, வேல் முறியும் களத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தூதில் சேரவில்லை. சேர்க்கச் சொல்லி யாரும் அவரை அனுப்பவும் இல்லை. பேச்சு மேசையில் ஒரு பெண் தெரிந்தால் உடனே கைதட்டிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. எனக்கு முதலில் எழும் கேள்வி, இவரை அனுப்பியது யார் என்பதுதான்.

இந்தக் கேள்வியை இலங்கைத் தமிழர் வரலாற்றில் கேட்டுப் பாருங்கள். 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க ஒரு பக்கம், லால் பகதூர் சாஸ்திரி இன்னொரு பக்கம். மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த மீதிப் பேரை 1974 ஜனவரியில் ஆளுக்கு 75,000 என்று பங்கு பிரித்தபோது மேசையின் இரு பக்கமும் பெண் பிரதமர்கள்: சிறிமாவோவும் இந்திரா காந்தியும். அதே ஆண்டு ஜூனில் கச்சத்தீவையும் அவர்கள்தான் பேசி முடித்தார்கள்.

இரண்டு நாட்டுத் தலைவர்களும் பெண்களாக இருந்து பேசிய அந்தப் பேச்சில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒரு பெண்ணிடமாவது நீ எந்தக் கரையில் இருக்க விரும்புகிறாய் என்று கேட்டதாக வரலாறு இல்லை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறி வந்து, நீலகிரித் தோட்டங்களிலும் ஏற்காட்டுப் பக்கத்திலும் வேலை தேடியவர்களின் கதை தனி. மேசையில் பெண் இருந்தாலே போதும் என்பவர்களுக்கு இந்த ஓர் ஒப்பந்தமே பதில்.

யாரும் அனுப்பாமல் தாங்களாகவே கிளம்பிய பெண்களும் இருந்தார்கள். 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்களை இராணுவம் நூற்றுக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனபோது அன்னையர் முன்னணி உருவானது. தாய்மார்கள் ஊர்வலமாக மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரிக்குப் போய் அரசாங்க அதிபரை மறித்துப் பிள்ளைகளைக் கேட்டார்கள். கிழக்கில் மட்டக்களப்பு அன்னையர் முன்னணி. அதன் உறுப்பினர் பூபதி அம்மா 1988 மார்ச் 19 அன்று மாமாங்கப் பிள்ளையார் கோயில் வளாகத்தில் உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கினார். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற, ஐம்பத்தைந்து வயதைக் கடந்த குடும்பப் பெண். அவர் வைத்தவை இரண்டே கோரிக்கைகள்: இந்திய அமைதிப் படையும் புலிகளும் உடனே போரை நிறுத்த வேண்டும், இரு தரப்பும் பேச வேண்டும். ஏப்ரல் 19 அன்று உயிர் போனது. போரும் நிற்கவில்லை, பேச்சும் தொடங்கவில்லை.

பூபதி அம்மாவை இன்று படம் வைத்துக் கும்பிடுகிறவர்கள் ஏராளம். அவர் கேட்டது ஒரு பேச்சுவார்த்தையை என்பது அந்தக் கும்பிடுதலில் மறைந்துபோகிறது. இந்திய அரசுக்கு அன்று ஒரு முதிய பெண்ணின் இரண்டு கோரிக்கைகளைக் காது கொடுத்துக் கேட்க முடியாமல் போனதை, அமைதிப் படையை அனுப்பிய நாட்டுக்காரர்களான நாம் எளிதில் கடந்துவிடக் கூடாது.

தெற்கிலும் ஓர் அன்னையர் முன்னணி இருந்தது. 1987-89 ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கும் பேரில் அரசுப் படைகள் சிங்கள இளைஞர்களைக் காணாமல் ஆக்கியபோது, 1990இல் மாத்தறையில் தொடங்கியது. இதற்குத் தலைவராக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்: கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாய், மருத்துவர் மனோராணி சரவணமுத்து. முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்து, பிள்ளையைக் கொன்றவன் நாசமாகப் போக என்று சிங்களத் தாய்மார்கள் சாபமிட்ட காட்சி ஆட்சியை நடுங்க வைத்தது. இயக்கத்தைப் பின்னின்று நடத்தியவர்கள் எதிர்க்கட்சி அரசியல்வாதிகளான மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். 1994இல் அவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். தாய்மாரின் தேவை தீர்ந்துவிட்டது, முன்னணி கரைந்துவிட்டது. பின்னாளில் அதே மகிந்தவின் ஆட்சியில் வடக்குத் தாய்மார்கள் அதே கேள்வியோடு நின்றார்கள் என்பதை இந்தத் தொடரின் பிற்பகுதியில் பார்க்கப் போகிறோம்.

1994இல் ஆட்சிக்கு வந்த சந்திரிகா குமாரதுங்க, சமாதானத்தை முன்னிறுத்தி வென்ற பெண் ஜனாதிபதி. பிரபாகரனோடு கடிதப் போக்குவரத்தே நடத்தினார். அவர் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய தூதுக் குழுவும் சரி, எதிரே உட்கார்ந்த புலிகளின் குழுவும் சரி, ஆண்களால் ஆனவை. 1995 ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் இரண்டு கடற்படைக் கப்பல்கள் தகர்க்கப்பட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பூபதி அம்மா இறந்த அதே தேதி.

இப்போது 2002க்கு வருவோம். பிப்ரவரி 22 அன்று போர்நிறுத்த ஒப்பந்தம். செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப் கடற்படைத் தளத்தில் முதல் சுற்று. அரசுத் தரப்பில் ஜி.எல். பீரிஸ், மிலிந்த மொரகொட, ரவூப் ஹக்கீம், பெர்னார்ட் குணதிலக. புலிகள் தரப்பில் அன்ரன் பாலசிங்கம் தலைமையிலான குழு, அதன் செயலாளராக அடேல் பாலசிங்கம். ஆஸ்திரேலியாவில் பிறந்த தாதி, பாலசிங்கத்தின் மனைவி, பெண் போராளிகளைப் பற்றி எழுதியவர். மேசையைச் சுற்றித் தெரிந்த ஒரே பெண் முகம் அவருடையதுதான். இயக்கத்தில் அப்போது ஆயிரக்கணக்கான பெண்கள் துப்பாக்கி ஏந்தியிருந்தார்கள். 1987 அக்டோபரில் கோப்பாயில் மாலதி இறந்ததிலிருந்து ஆனையிறவு வரை அவர்கள் கொடுத்த உயிர்களுக்குக் கணக்கு உண்டு. களத்தில் அத்தனை பேர் நின்ற இயக்கத்துக்கு, பேச்சுக் குழுவில் அமர்த்த ஈழத்தில் பிறந்த ஒரு பெண் கிடைக்கவில்லை. அரசுத் தரப்புக்கு அந்த ஒருவரும் இல்லை. 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் பெண்கள் பத்துப் பேரைச் சுற்றியே இருந்த நாடு, இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் சுற்று நாகோன் பாதோமில் தொடங்கிய நாள் 2002 அக்டோபர் 31. சரியாக இரண்டு ஆண்டுக்கு முன், 2000 அக்டோபர் 31 அன்றுதான் ஐ.நா. பாதுகாப்பு சபை தன் 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. போரைத் தடுப்பதிலும் முடிப்பதிலும் முடிவெடுக்கும் எல்லாப் படிகளிலும் பெண்களுக்கு இடம் வேண்டும் என்ற தீர்மானம். அந்த ஆண்டு நிறைவு நாளில் தாய்லாந்தில் கூடிய ஆண்கள் மூன்று துணைக்குழுக்களை அமைத்தார்கள்: உடனடி மனிதாபிமானத் தேவைகளுக்கு ஒன்று, போர்ப் பதற்றத்தைத் தணித்து இயல்பு நிலையைக் கொண்டுவர ஒன்று, அரசியல் விவகாரங்களுக்கு ஒன்று. பெண்கள் பற்றி ஏதும் இல்லை.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. அதே அக்டோபரில் சர்வதேச மகளிர் குழு ஒன்று வடக்கு கிழக்கைச் சுற்றி வந்து, போரில் அடிபட்ட பெண்களைக் கேட்டு, பரிந்துரைகளை அரசிடமும் புலிகளிடமும் நடுவராக இருந்த நார்வேயிடமும் கொடுத்தது. ஏற்பாட்டில் முன்நின்றவர்கள் கொழும்புப் பெண்ணிய அமைப்புகள், குறிப்பாக 1984 முதல் இயங்கிவரும் பெண்கள் ஊடகக் கூட்டமைப்பு. இன்னொரு பக்கம் விசாகா தர்மதாச. 1998இல் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல்போன இராணுவ அதிகாரி ஒருவரின் தாய். காணாமல்போன படைவீரர்களின் பெற்றோரைத் திரட்டியவர், போர்க்காலத்திலேயே வன்னிக்குப் போய்ப் புலிகளிடம் தன் மகனைப் பற்றி விசாரித்தவர், தமிழ்த் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தை நிறுவியவர். கண்டியிலிருந்து வந்த ஒரு சிங்களத் தாய் புலிகளின் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசியது, என்னைக் கேட்டால், சத்தஹிப் மேசைக்கு முந்திய பேச்சுவார்த்தை.

இந்த நெருக்குதலின் பலன்தான் ஆஸ்லோ முடிவு. 2003 ஜனவரி 6 முதல் 9 வரை மறுபடி நாகோன் பாதோமில் கூடியபோது பெயர்கள் வந்தன. பால்நிலை விவகாரங்களுக்கான துணைக்குழு. ஒரு தரப்புக்கு ஐந்து பேர், மொத்தம் பத்துப் பெண்கள். நார்வே சார்பில் வழிநடத்த அஸ்ட்ரிட் ஹைபர்க்: உளநல மருத்துவர், சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பின் தலைவராக 2001 வரை இருந்தவர்.

அரசு அனுப்பிய ஐவரைப் பாருங்கள். குமாரி ஜெயவர்தன, மூன்றாம் உலகப் பெண்ணியமும் தேசியமும் பற்றி 1986இல் வெளிவந்து உலகெங்கும் பாடநூலான ஆய்வை எழுதிய வரலாற்றாசிரியர். தீபிகா உடகம, சட்டப் பேராசிரியர். பின்னாளில் மனித உரிமை ஆணைக்குழுவின் தலைவர். குமுதினி சாமுவேல், பெண்கள் ஊடகக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர். மற்ற இருவர் ஃபைஸுன் ஸக்கரியா, மருத்துவர் ஃபஸீலா ரியாஸ். அரசு நியமித்த பெயர்கள்தான். ஆனால் அரசை விமர்சித்தே வாழ்நாளைக் கழித்தவர்கள். ஒரு கட்சி உறுப்பினர்கூட இல்லாத பட்டியலை ஓர் அரசாங்கம் கொடுத்ததை நல்லெண்ணம் என்றும் சொல்லலாம். இந்தக் குழுவை அவ்வளவு முக்கியமாக எண்ணாததால் அரசியல்வாதிகள் யாரும் போட்டி போடவில்லை என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

பட்டியலில் இருவர் முஸ்லிம் பெண்கள் என்பது சாதாரண விஷயமில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணி நேர அவகாசம். ஏறக்குறைய 75,000 பேர் புத்தளத்துக்கும் பிற இடங்களுக்கும் போய் அகதிகளானார்கள். 2002இல் முஸ்லிம்கள் தங்களுக்குத் தனித் தூதுக் குழு கேட்டார்கள், கடைசிவரை கிடைக்கவில்லை. ஹக்கீம் அரசுத் தரப்பில்தான் உட்கார வேண்டியிருந்தது. முதன்மை மேசையால் தீர்க்க முடியாத அந்தச் சிக்கலைப் பெண்கள் குழு தன் அமைப்பிலேயே கொஞ்சம் தளர்த்திவிட்டது. விரட்டிய இயக்கத்தின் பெண்களும் விரட்டப்பட்ட சமூகத்தின் பெண்களும் ஒரே அறையில்.

புலிகளின் ஐவருக்குத் தலைமை தமிழினி. இயற்பெயர் சிவகாமி, பரந்தன்காரர், 1991இல் இயக்கத்தில் சேர்ந்தவர், மகளிர் அரசியல் துறைப் பொறுப்பாளர். அவரோடு வந்தவர்களும் இயக்கத்துப் பெண்கள். அவர்களை அனுப்பியது யார் என்ற கேள்விக்கு இங்கே ஒரே பதில்தான். வன்னியில் இயக்கத்துக்கு வெளியே சுயமாக நின்று பேசக்கூடிய மகளிர் அமைப்புகளுக்கு அந்த ஆட்சியில் இடம் கிடையாது. 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவப் பேராசிரியர் ரஜனி திராணகம போன்ற ஒருவர், எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே அளவுகோலால் அளந்தவர், உயிரோடு இருந்திருந்தால் எந்தத் தரப்புப் பட்டியலில் இடம்பெற்றிருப்பார்? இரண்டிலும் இருந்திருக்க மாட்டார் என்பதே என் எண்ணம்.

இத்தனை குறைகளோடும் 2003 மார்ச் 5, 6 தேதிகளில் கிளிநொச்சியில் முதல் கூட்டம் கூடியது.

அந்த இடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். 1996இல் இராணுவம் பிடித்து, 1998இல் புலிகள் மீட்டு, இடையில் கூரையோடு நின்ற கட்டடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிப்போன ஊர். ஏ9 சாலை திறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சாலையின் இரு ஓரமும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். தெற்கிலிருந்து வருகிறவர் ஓமந்தையில் இராணுவச் சாவடியைத் தாண்டி, ஆளில்லாத வெளியைக் கடந்து, புலிகளின் சாவடியில் மறுபடி பையைத் திறந்து காட்ட வேண்டும். முதன்மைப் பேச்சாளர்கள் தாய்லாந்திலும் பெர்லினிலும் கூடியபோது, பெண்கள் குழு போர் நடந்த மண்ணிலேயே கூடியது.

இரண்டு நாளில் அவர்கள் செய்த முக்கியமான வேலை, எதைப் பேசுவது என்று ஒத்துக்கொண்டது. ஏழு தலைப்புகள் முடிவாயின: சமாதான முயற்சியைத் தாங்கிப் பிடிப்பது, மீள்குடியேற்றம், தனிநபர் பாதுகாப்பு, அடிப்படை வசதிகளும் சேவைகளும், வாழ்வாதாரமும் வேலையும், அரசியல் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம். பார்க்க அரசாங்கச் சுற்றறிக்கைபோல் இருக்கும். உள்ளே போனால் ஒவ்வொன்றும் ஒரு கிணறு.

மீள்குடியேற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் பேசும்போது அது உயர் பாதுகாப்பு வலயம் பற்றிய பேச்சு: எந்த முகாமை இராணுவம் காலி செய்யும், எத்தனை கிலோமீட்டர் பின்வாங்கும். பெண்களுக்கு அது காணி உறுதி பற்றிய பேச்சு. வன்னியிலும் கிழக்கிலும் குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. பத்திரம் குடும்பத் தலைவர் பேரில், அதாவது கணவன் பேரில். அவன் இறந்தால் மனைவிக்கு அனுபவிக்கும் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போகும். வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகன். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டமோ, மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் கேட்கும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் யாரிடம் கையெழுத்து வாங்குவது? செத்தான் என்று சான்றிதழ் வாங்க மனம் வராது, வாங்காவிட்டால் காணி அசையாது. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த பெண்கள் பலருக்கும் ஊர் திரும்புவதென்றால் முதலில் இந்த முடிச்சுதான். உயர் பாதுகாப்பு வலயத்தைக் காலி செய்தாலும், திரும்பிப் போகிறவள் பேரில் காணி இல்லையென்றால் அவள் மறுபடி அகதிதான். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாகுபாட்டைத் திருத்த இலங்கை நாடாளுமன்றத்துக்கு 2022 வரை ஆனது.

தனிநபர் பாதுகாப்பு என்ற தலைப்புக்குள் இரு தரப்பும் தலைகுனிய வேண்டியவை இருந்தன. யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடியில் பிடித்து வைக்கப்பட்டு, வன்முறைக்கு ஆளாகி, 1996இல் செம்மணியில் புதைக்கப்பட்ட பள்ளி மாணவியின் வழக்கு எல்லாருக்கும் தெரியும். மறுபுறம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை இயக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுமோ என்று வன்னித் தாய்மார் பயந்து வாழ்ந்த காலம் அது. இந்த இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதி, இரு தரப்புப் பெண்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதன்மை மேசையில் ஒவ்வொரு தரப்பும் எதிர்த் தரப்பின் குற்றத்தை மட்டும் கொண்டுவந்த நாட்களில் இது பெரிய காரியம்.

அதே வாரங்களில் ஆண்களின் துணைக்குழுக்கள் எப்படி இருந்தன என்றும் பார்த்துவிடலாம். பதற்றத் தணிப்புக் குழு 2003 ஜனவரியிலேயே படுத்துவிட்டது. யாழ்ப்பாணத் தளபதி சரத் பொன்சேகா, புலிகள் ஆயுதத்தைக் கீழே வைத்தால்தான் பாதுகாப்பு வலயங்களில் மக்களைக் குடியேற்ற முடியும் என்று எழுதினார். புலிகள் அந்தக் குழுவிலிருந்து விலகினார்கள். மிச்சமிருந்தவற்றில் துடிப்போடு தொடங்கியது பெண்கள் குழு. அது கூடிக் கலைந்த நான்காம் நாள், மார்ச் 10 அன்று, கிழக்குக் கடலில் புலிகளின் கப்பல் ஒன்றைக் கடற்படை மூழ்கடித்தது. மார்ச் 18 முதல் 21 வரை ஜப்பானின் ஹகோனேயில் ஆறாம் சுற்று நடந்தது. ஏப்ரலில் வாஷிங்டனில் உதவி நாடுகளின் கூட்டம். அமெரிக்காவில் தடை செய்யப்பட்ட இயக்கம் என்பதால் புலிகளுக்கு அழைப்பு இல்லை. ஏப்ரல் 21 அன்று பேச்சிலிருந்து தற்காலிகமாக விலகுவதாகப் பாலசிங்கம் கடிதம் எழுதினார். கிளிநொச்சிக் கூட்டம் முடிந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை.

முதன்மை மேசை கவிழ்ந்தால் துணை மேசைகளும் கவிழும் என்பதே ஏற்பாடு. பெண்கள் குழுவில் சண்டை வரவில்லை, யாரும் எழுந்து போகவில்லை, கருத்து வேறுபாட்டில் முறியவும் இல்லை. அவர்களைக் கேட்காமலேயே அது நின்றது. இருதரப்பும் பேசாத காலத்திலும் காணியையும் காணாமல்போனவர்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடியதாக இருந்த ஒரே கயிறு அதுதான். அதைத் தனியாக உயிரோடு வைத்திருக்க அரசும் முயலவில்லை, புலிகளும் முயலவில்லை, நடுவர் நார்வேயும் அழுத்தம் கொடுக்கவில்லை. நார்வேக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். பெண்கள் உரிமையில் உலகத்துக்கு வகுப்பெடுக்கும் நாடு அது.

வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா? வட அயர்லாந்தில் நடந்தது. 1996இல் பேச்சுவார்த்தைக்கு ஆள் தேர்ந்தெடுக்கத் தேர்தல் வைத்தார்கள். முதல் பத்துக் கட்சிகளுக்கு மேசையில் இடம். பெண்கள் சிலர் சில வாரங்களுக்குள் கூடி மகளிர் கூட்டணி என்று ஒரு கட்சியைத் தொடங்கி, ஒரு விழுக்காட்டு அளவு வாக்கு வாங்கி, அந்தப் பத்துக்குள் வந்துவிட்டார்கள். கத்தோலிக்கரான மோனிகா மக்வில்லியம்ஸும் புராட்டஸ்டண்டான பேர்ல் சேகரும் மேசைக்குப் போனார்கள். அங்கே ஆண் உறுப்பினர்கள் கேலி செய்தார்கள், மாடுபோல் கத்திக்கூடக் காட்டினார்கள். ஆனால் வெளியே தள்ள முடியவில்லை, வாக்காளர்கள் அனுப்பியவர்கள். 1998 ஏப்ரல் 10 ஒப்பந்தத்தில் போரில் பாதிக்கப்பட்டவர்களின் உரிமை, இரு மதப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள், குடிமக்கள் மன்றம் ஆகியவை இடம்பெற்றதற்கு அவர்களே காரணம்.

லைபீரியா இன்னொரு மாதிரி. கிளிநொச்சிக் குழு செயலற்றுப் போன அதே 2003இல், கானாவின் அக்ராவில் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது, லேமா போவி தலைமையில் வெள்ளை உடையணிந்த பெண்கள் மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்து, முடிவு வராமல் யாரையும் வெளியே விட மாட்டோம் என்றார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் நாட்டிலேயே, 1984இல் தொடங்கிய நாகா அன்னையர் சங்கம் ஆயுதக் குழுக்களின் முகாம்களுக்கு நடந்தே போய்ப் பேசியிருக்கிறது. இவையெல்லாம் விதிவிலக்குகள்தான். 1992 முதல் 2019 வரை உலகின் பெரிய சமாதானப் பேச்சுகளில் பெண்கள் நூற்றுக்கு 13 பேர், கையெழுத்திட்டவர்களில் நூற்றுக்கு 6 பேர் என்பது ஐ.நா. மகளிர் அமைப்பின் கணக்கு.

கிளிநொச்சிக் குழுவின் ஏழு தலைப்புகளும் தீராமல் அப்படியே நின்றன. அவற்றோடு போரும் திரும்பியது. 2009 மே மாதத்தில் அது முடிந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் 89,000 விதவைகள் என்று அடுத்த ஆண்டு அரசின் துணை அமைச்சரே சொன்னார். தமிழினி மெனிக் பாம் முகாமில் கைதாகி, சிறையிலும் புனர்வாழ்வு முகாமிலும் நான்கு ஆண்டு இருந்து, 2013இல் விடுதலையானார். 2015 அக்டோபர் 18 அன்று புற்றுநோயில் இறந்தார். அடுத்த ஆண்டு காலச்சுவடு வெளியிட்ட அவரது ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ நூலில், தன்னை அனுப்பிய இயக்கத்தைப் பற்றி அவர் தன் சொந்தக் குரலில் பேசுகிறார். புலிகளின் ஆதரவாளர் பலர் அதைத் துரோகம் என்றார்கள். நியமனத்தில் வந்த ஒரு பெண், நியமித்தவர்கள் இல்லாமல் போன பிறகுதான் தன் பேச்சைப் பேச முடிந்தது. அதற்கும் இத்தனை வசவு.

2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்பாக வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை என்று அது பரவியது. இராணுவத்திடம் கையளித்த பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டார்கள். அதே ஆண்டு ஜனாதிபதி சிறிசேனவை நேரில் பார்த்தும் கேட்டார்கள். பட்டியல் இன்னும் வரவில்லை. பதில் கிடைக்காமலேயே அந்தத் தாய்மாரில் பலர் இறந்துபோனார்கள். இவர்களை எந்தக் கட்சியும் இயக்கமும் அரசும் அனுப்பவில்லை. அதனாலேயே இவர்களை எதிரே உட்கார வைத்துப் பேச எந்த அரசும் துணியவில்லை என்பது என் முடிவு.

அடுத்த பகுதி டோக்கியோ. 2003 ஜூன் 9, 10 தேதிகளில் உலக நாடுகள் இலங்கைக்கு 450 கோடி டாலர் தருவதாக அறிவித்த மாநாடு. புலிகள் அதற்குப் போகவில்லை.